எல்லாம் வந்துவிட்டது

ஒரு மனிதனின் முழு வாழ்க்கைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் போதும். உலகத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். எனக்கு முன்னாலேயே வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் அவர் அதை வெளியில் சொல்லவில்லை. ஆகவே அது செல்லாது.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். ஆறு தாளும் ஒரு பேனாவும் கொடுத்தீர்கள். பேனா நன்றாக எழுதுகிறது. எழுதி முடித்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், நாளைக் காலை பத்து மணிக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்றீர்கள். எனக்கும் சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். சுருக்குவதுதான் எனக்குக் கைவந்த காரியம்.

போன் கடையில் என் மேசை கடைசி மேசை. ஒரு பக்கம் தண்ணீர் கேன், இன்னொரு பக்கம் கழிப்பறைக் கதவு. முன்னால் விற்கிறவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் விற்ற புதுப் போன் என்னிடம் வரும். கூடவே வாடிக்கையாளரின் பழைய போனும் வரும். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. அடுத்த மேசையில் போன் திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டும் அக்கா உட்கார்ந்திருப்பார். ஒரு குமிழிகூட விழாமல் ஒட்டுவார். அதனாலேயே அவருக்குக் குமிழியக்கா என்று பேர்.

நாளைக்கு இருபது பேர் வருவார்கள். இருபது பேரும் சேர்ந்து ஐந்தாறு கேள்விக்கு மேல் கேட்டதில்லை.

"வீடியோ அனுப்பினா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஏன் மங்கிடுது?" அனுப்புகிற ஆப் அதைப் பிழிந்து அனுப்புகிறது என்பேன். "பிழியாம அனுப்ப முடியாதா?" முடியும், எப்படி என்று காட்டியும் கொடுப்பேன். ஒருத்தரும் அதற்கப்புறம் அப்படி அனுப்பியதாகத் தெரியவில்லை. "இது ரொம்பப் பெருசுன்னு சொல்லி போகவே மாட்டேங்குது." வாங்கிப் பார்த்தால், அலுவலகத்தில் யாரோ ஓய்வு பெற்றபோது எடுத்த ஐம்பது நிமிட வீடியோ. அதில் நாற்பது நிமிடம் மைக்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். அது போகாமல் இருப்பதுதான் வாங்கிக்கொள்கிறவருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றும். சொல்ல மாட்டேன்.

"புதுசு வாங்கித்தான் ஆகணுமா, இல்ல பழசே இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமா?" என்று ஒருவர் கேட்டபோது, ஓடும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் மேசைக்கு வரும்போது அவங்க வாங்கி முடிச்சாச்சுப்பா. இப்போ போய் அவங்க மனசை ஏன் கெடுக்கிறே?" என்றார். நியாயமான பேச்சு. யார் மனதையும் கெடுக்கக் கூடாது என்ற கொள்கை எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

மிச்சமிருக்கிற கேள்வி எல்லாருக்கும் பொது. "எல்லாம் வந்துடுமா?"

எல்லாம் என்றால் என்ன என்று இந்த ஊரில் என்னைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் மேடம். கட்டைவிரல் மறைத்த படங்கள். வண்டி நிறுத்திய தூணின் எண். தண்ணீர் மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த சீட்டு. ஒரே குழந்தையின் ஒரே சிரிப்பு, பதினேழு தடவை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் நாலாயிரம். ஒரு வழக்கறிஞர் தன் வீட்டுப் பூனையை மட்டும் பதினோராயிரம் படம் எடுத்திருந்தார். பூனை ஒரு படத்தில்கூட அவரைப் பார்க்கவில்லை. எதற்கு சார் இவ்வளவும் என்று கேட்டால், இருக்கட்டுமே, கிடந்துட்டுப் போகட்டுமே என்பார். இதே படங்களைக் கணினியில் ஒரு பிரதி, மச்சினன் வீட்டில் ஒரு பிரதி என்று வேறு வைத்திருந்தார். பழைய போனைக் கொடுக்கவும் மனசு வராமல் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் நினைத்து நானும் குமிழியக்காவும் எத்தனையோ மதியம் சிரித்திருக்கிறோம்.

முதலில் தொட்டது ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் போன். சூரியன் மறைவது மட்டும் ஒன்பதாயிரம் படம். புதுப் போனில் இடம் பத்தவில்லை. அவர் டீ குடிக்க வெளியே போயிருந்தார். நான் ஆறு சூரியனை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்தார். புதுப் போனை வாங்கி, விரலால் ஒரு தள்ளு, இரண்டாவது தள்ளு, மூன்றாவது தள்ளு. "வந்துடுச்சு" என்றார். 'சரிபார்த்துக்கொண்டேன்' என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு தடவை கடைக்கு வந்திருக்கிறார், ஒரு சார்ஜருக்கும் ஒரு கவருக்கும். சூரியனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதன்பின் நான் கவனிக்க ஆரம்பித்தேன். மூன்று தள்ளுக்கு மேல் யாரும் தள்ளுவதில்லை. மூன்று தள்ளில் கண்ணில் படுவது முந்நூற்று அறுபது படம். அதற்கும் மேல், ஒரு மனிதர் வாரத்துக்கு ஒரு படம் யாருக்காவது தேடி எடுத்துக் காட்டுகிறார் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஐம்பத்திரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு. கல்லூரியில் இதற்குப் பட்டம் கொடுப்பார்கள். எனக்குத் தண்ணீர் கேன் பக்கத்தில் கிடைத்தது.

கடையின் விதி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய போனைக் கடை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அதை முழுதாக அழிக்க வேண்டும். அழிக்கும் பொத்தானை நாங்கள் தொடக் கூடாது. வாடிக்கையாளர்தான் தன் விரலால் அமுக்க வேண்டும். நாலு வருடமாக நான் ஒருவருடைய போனைக்கூட அழித்ததில்லை மேடம். எல்லாரும் அவரவர் விரலாலேயே அழித்தார்கள். நான் மேசையில் போனைத் திருப்பி வைத்து, "இங்க அமுக்குங்க" என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாவது வருடம் படங்களோடு நிற்க முடியவில்லை. மனதைக் கெடுப்பது படங்களின் எண்ணிக்கை இல்லை என்று புரிந்துவிட்டது. ஒரு தையல்காரம்மாவுக்கும் அவர் தம்பிக்கும் சொத்து விஷயமாக நடந்த சண்டை ஒன்று செய்திகளாகக் கிடந்தது. போனை அவர் இரண்டு நாள் கடையில் விட்டுப் போயிருந்தார்; படிக்கவே எனக்கு இரண்டு உணவு இடைவேளை ஆயிற்று. அதைப் புதுப் போனுக்குக் கொண்டுபோகவில்லை. அந்தத் தம்பியின் எண்ணையும் கொண்டுபோகவில்லை. அடுத்த மாதம் அந்த அம்மா மஞ்சள் கவர் வாங்க வந்தார். சிரித்த முகமாக இருந்தார். கவரின் நிறத்துக்குச் சிரித்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு தம்பதி. அவர்கள் போனில் ஒரு குழந்தையின் படங்கள் இருந்தன, பிறந்த நாளிலிருந்து. மூன்று வாரத்தோடு படங்கள் நின்றுவிட்டன. பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு படமும் இல்லை. அப்புறம் ஒரு மின்கட்டண ரசீது. அந்த மூன்று வாரத்தை நான் விட்டுவிட்டேன். அவர்கள் திரும்பி வந்தார்கள். பழைய போனிலேயே அந்தப் பகுதி கெட்டுப்போயிருந்தது என்று சொன்னேன். அந்த அம்மா "ஓ" என்றார். அதிகம் பேசுகிறவர் இல்லை போலிருக்கிறது. கணவர்தான் என்னிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். குறித்து வைக்கவில்லை. எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் வருகிறேன்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஐந்து வாரத்துக்கு முன்னால், பகல் பதினொரு மணிக்கு மகளோடு வந்தார். எந்தப் பிள்ளை ஏறியது, எந்தப் பிள்ளை இறங்கியது என்று பதிய பள்ளிக்கூடத்தில் புது ஆப் கொண்டுவந்திருக்கிறார்களாம். அது அவருடைய பழைய போனில் ஏறவில்லை. அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. பழைய போனை என்னிடம் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் வந்துடுமா தம்பி?"

"வந்துடும் சார்."

"வாய்ஸ் மெசேஜ்?"

"அதுவும்தான்."

"எங்க வீட்டம்மா அனுப்பினது. நாப்பத்தொண்ணு இருக்கு."

"எண்ணி வெச்சிருக்கீங்களா சார்?"

"பிள்ளைங்க ஏறும்போதும் எண்ணணும், இறங்கும்போதும் எண்ணணும். கை தானா எண்ணுது."

மகள் நடுவில் புகுந்தார். "அம்மா போய் ஒண்ணரை வருஷமாச்சு. அதுக்காக இந்த ஓட்டைப் போனையே கட்டிட்டு அழறார். போன வாரம் டிரிப்புக்கு நடுவுல அணைஞ்சு போய், பள்ளிக்கூடத்துலருந்து எனக்குப் போன் பண்றாங்க, வண்டி எங்கேன்னு." பிறகு அப்பாவிடம், "குடுங்கப்பா. அவர் தினமும் பண்ற வேலைதானே" என்றார்.

அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கடைசி ஒண்ணு நான் இன்னும் கேக்கலை" என்றார்.

நான் எதுவும் கேட்காமலே சொன்னார். அன்றைக்குக் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது அவர்கள் விதி. பிள்ளைகளை இறக்கிவிட்டு எடுத்துப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போனார். அதோடு சரி. அந்த நாற்பத்தொன்றாவது மட்டும், கேட்கவில்லை என்பதற்கான புள்ளியோடு அப்படியே நிற்கிறது.

"இன்னிக்குக் கேப்போம் நாளைக்குக் கேப்போம்னு தள்ளிட்டே போறேன்" என்றார். "கேட்டுட்டா முடிஞ்சுடும்ல."

மகள் அவரை முன்பக்கம் கவர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் போனைத் திறந்து பார்த்தேன். வழக்கம்போல முடிவு எடுக்க எனக்கு அரை நிமிடம் போதும். ஒரு மனிதர், வண்டியில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர், சட்டைப்பையில் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் முடிவெடுப்பது என் வழக்கம் இல்லை. அப்போது நேரம் இல்லை. ஆகவே பக்கத்திலிருக்கும் போனுக்கு அனுப்பும் வசதியில் நாற்பத்தொன்றையும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். பதினொரு விநாடி. இதைத்தான் உங்கள் ஆள் திருட்டு என்று எழுதியிருக்கிறார். கடையில் இதற்குக் கோப்புப் பகிர்வு என்று பெயர். எப்படிச் செய்வது என்று தினமும் பத்துப் பேர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

பிறகு பழையதிலிருந்து எடுத்துவிட்டு மாற்றினேன். அவர் எண்ணுகிறவர் என்பதை மறக்கவில்லை. திரும்பி வந்ததும் செய்திகளைத்தான் திறந்தார். மூன்று தள்ளு, நான்கு, ஐந்து. என் அனுபவத்தில் ஐந்தாவது தள்ளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இல்லையே தம்பி."

"பழைய வாய்ஸெல்லாம் இறங்க ஒரு நாள் ஆகும் சார். பின்னாடி ஓடிட்டே இருக்கும்."

"பழைய போன்ல?"

"அதுலருந்து ஏற்கெனவே எடுத்தாச்சு சார். எடுத்தா அங்க இருக்காது. இப்போ அதை அழிக்கணும்."

அவர் மகளைப் பார்த்தார். "வரும்பா. சொல்றார்ல" என்றார் மகள். நான் பழைய போனைத் திருப்பி வைத்தேன். இங்க அமுக்குங்க என்றேன். அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அமுக்கினார்.

மறுநாள் வந்தார். இன்னும் இறங்கவில்லை என்றார். வைஃபை சரியில்லாமல் இருக்கும் என்றேன். அதற்கு மறுநாளும் வந்தார். காலை டிரிப்புக்கும் மதிய டிரிப்புக்கும் நடுவில் அவருக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தை என் எதிரே ஸ்டூலில் வைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. மேலாளரிடம் போகவில்லை. அவ்வப்போது புதுப் போனை மேசையில் வைத்து, "பாரு தம்பி, ஓடுதா?" என்பார். நான் பார்த்துவிட்டு, "ஓடுது சார்" என்பேன்.

குமிழியக்கா ஒருநாள் என்னிடம், "பாவம்டா. அந்த மனுஷனுக்கு உண்மையைச் சொல்லிடேன், போனது போனதுதான்னு" என்றார். மனதைக் கெடுக்க வேண்டாம் அக்கா என்றேன்.

இதற்கிடையில் நான் மதிப்பீட்டுக்காக அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றில் ஒன்றில்கூடப் பெரிய விஷயம் எதுவும் கிடையாது மேடம். வரும்போது தீப்பெட்டி வாங்கிட்டு வாங்க. மேல்மாடி பல்பு போயிடுச்சு. உங்க கண்ணாடி என் கைப்பையில இருக்கு, தேடாதீங்க. ஒன்றில் ஒன்றுமே சொல்லவில்லை; பொத்தானை அமுக்கிவிட்டு யாரிடமோ, "இது எங்க அமுக்கணும்னே தெரியலை" என்று சிரிக்கிறார். குரல் கொஞ்சம் கரகரப்பு. எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையை இழுப்பார். அலுவலக ஒழுங்கோடு ஒன்று முதல் நாற்பத்தொன்றுவரை வரிசையாகக் கேட்டேன். சந்தேகம் வரக் கூடாது என்பதால் பலமுறை கேட்டேன்.

ஒரு நாள் பேருந்தில் வரும்போது தீப்பெட்டி ஞாபகம் வந்தது, இறங்கி வாங்கினேன். மறுநாளும் வாங்கினேன். அண்ணி அலமாரியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம அடுப்பு கரண்ட்ல ஓடுது. எதுக்கு இத்தனை தீப்பெட்டி? சிகரெட் ஏதாவது பிடிக்கிறியா?"

"இல்லை அண்ணி. வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"ஒருத்தங்க."

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே. உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன். கடையில வேலை பாக்குறவங்களா? என்ன வயசு?"

"அம்பத்தாறு இருக்கும்."

அண்ணி அலமாரியை மூடிவிட்டார்.

நான்காவது வாரம் ஓட்டுநர் ஒரு நோட்டுக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் பெயர் எழுதும் கோடு போட்ட நோட்டு. அதில் பெயருக்குப் பதிலாக ஒன்று முதல் நாற்பத்தொன்றுவரை எண் போட்டு, எந்தச் செய்தியில் மனைவி என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டு வந்திருந்தார். இறங்குகிறபோது இறங்கட்டும், அதுவரைக்கும் மறந்துபோகக் கூடாதே என்றார். தினமும் ஒன்றிரண்டு எழுதுவார். முந்தாநாளோடு முப்பத்து நான்கு ஆகியிருந்தது. ஆறு இடம் காலி. நாற்பத்தொன்றுக்கு நேரே வெறும் கோடு.

முந்தாநாள் என் கையில் ஒரு கல்லூரி மாணவியின் போன் இருந்தது. அதில் வடிகட்ட நிறைய இருந்தது. ஓட்டுநர் நோட்டைப் பார்த்துத் தனக்குத்தானே படித்துக்கொண்டிருந்தார். "பதினேழு. மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போனீங்களா..."

"பதினேழு குடை இல்லை சார். டார்ச்சுக்கு பேட்டரி. குடை பத்தொன்பது" என்றேன்.

அவர் முதலில் அடித்துத் திருத்தினார். பதினேழில் குடையை அடித்து பேட்டரி என்று எழுதினார். பத்தொன்பது காலியாக இருந்தது; அதில் குடை என்று எழுதினார். முடித்துவிட்டு அதைப் பார்த்துத் தலையாட்டினார். சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பிறகுதான் பேனா நின்றது.

குமிழியக்கா கையில் கண்ணாடியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தூசி விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஓட்டுநர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ நாப்பத்தொண்ணைக் கேட்டிருப்பே" என்றார்.

நான் மாணவியின் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன சொன்னா?"

"அதுல ஒண்ணும் இல்லை சார்."

"ஒண்ணும் இல்லையா, இல்ல நீ சொல்ல மாட்டியா?"

"ஒண்ணும் இல்லை சார்."

இது பொய் இல்லை என்று பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

என் போன் என் சட்டைப்பையில் இருந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒன்றரை அடி. எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். கொடுத்திருக்கலாம். பதினொரு விநாடிதான். ஆனால் நாலு வருடமாக ஆயிரம் பேருக்கு எடுத்த முடிவில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் மிச்சம் எல்லாமே தப்பு என்று ஆகிவிடும். அந்தத் தையல்காரம்மாவுக்கும் அந்தத் தம்பதிக்கும் நான் பதில் சொல்ல வேண்டிவரும். ஒருவருக்காக ஆயிரம் பேர் மனதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் மணியைப் பார்த்தார். மதிய டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பிள்ளைங்க நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுக்குப் போன் செய்தது குமிழியக்கா. எனக்கு எதிரிலேயே செய்தார். பேசி முடித்துவிட்டு என்னிடம், "உன் பக்கத்துல நாலு வருஷம் உக்காந்திருக்கேன்டா" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன பதில் எதிர்பார்த்தார் என்று தெரியவில்லை.

இதுதான் நடந்தது. இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவை இப்போது எங்கே?

காலையில் நீங்கள் வாங்கி வைத்த என் போனில் ஒன்றும் இல்லை என்று உங்கள் ஆள் சொன்னார். இருக்காது. நான்தான் அழித்தேன், விதிப்படி என் விரலாலேயே. ஆனால் ஓட்டுநரை நடையில் அந்த நோட்டோடு பார்த்த பிறகு, விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். என் சட்டைப்பையில் இருந்த மெமரி கார்டைத் தீப்பெட்டி ஒன்றில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். பெட்டியைத் திருப்பித் தர வேண்டாம். வீட்டில் நிறைய இருக்கிறது.

அதில் நாற்பது இருக்கின்றன. அவர் எண்ணுவார், ஆகவே நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்றை நான் சேர்க்கவில்லை.

கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள் மேடம். ஒன்றரை வருடமாக அவர் அதைத் திறக்காமல் வைத்திருந்தார். அதற்குள் ஒரு மனைவி கணவனிடம் கடைசியாகச் சொல்லக்கூடியது என்னவெல்லாம் இருக்கலாமோ அவ்வளவும் இருப்பதாக வைத்திருக்கிறார். அதில் இருப்பது ஒன்பது விநாடி. "பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மறந்துட்டு வந்து நிக்காதீங்க." அவ்வளவுதான். இதைக் கேட்டால் அந்த மனிதர் என்ன ஆவார்? கேட்காத வரைக்கும்தான் அவருக்கு அது நாற்பத்தொன்று. அதை அவருக்காகக் காப்பாற்றி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதைச் செய்ய அதற்கு ஓர் இடம் வேண்டும். அதனால்தான் என்னுடைய பழைய போனை வீட்டு இழுப்பறையிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டு, அதில் வைத்திருக்கிறேன். எனக்கென்று அதில் எதுவும் இல்லை. ஒலி கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கக் காலையில் எழுந்ததும் ஒரு தடவை, வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை போட்டுக் கேட்பதோடு சரி.

ஆறாவது தாளும் முடிகிறது. இரும்புச் சாமான் கடை ஆறு மணிக்கு மூடிவிடும். நான் கிளம்ப வேண்டும். நேற்று வாங்கிய தாழ்ப்பாள் எங்கள் பின்பக்கக் கதவுக்குச் சிறியதாகப் போய்விட்டது, மாற்ற வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்றைக்கே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.